மைனா டாபர்மேன் இல்லை

எங்கள் மைனா, கன்னி என்ற தென் மாவட்டத்து நாட்டு இனத்துப் பெண் நாய். கோவில்பட்டிப் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் பிறந்தவள், சென்னையில் எங்களோடு வளர்கிறாள். இந்த ஊரில் அவளைப் பார்க்கிறவர்களில் பாதிக்கு மேல் டாபர்மேன் என்கிறார்கள். சிலர் கிரேஹவுண்ட் என்பார்கள். ராட்வீலர் குட்டியா என்று கேட்டவர்களும் உண்டு. "தெரு நாய்க்கு எதுக்கும்மா இவ்ளோ நல்ல பெல்ட்டு?" என்று ஒரு பூக்கார அம்மா கேட்டார். கன்னி என்று தானாகச் சொன்னவர்கள் இங்கே மிகக் குறைவு.

பெயரைத் தப்பாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். நாய் வளர்க்கிறவர்களுக்கு அப்படி விட முடிவதில்லை, ஏனென்றால் வாயில் வந்த பெயரை ஒட்டித்தான் அடுத்த காரியம் நடக்கிறது. டாபர்மேன் என்று நினைத்தவர் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவார். கிரேஹவுண்ட் என்று நினைத்தவர் என்ன விலை, குட்டி போட்டால் சொல்லுங்கள் என்பார். தெரு நாய் என்று நினைத்தவர் குனிந்து கல் தேடுவார். ஒரே தெருவில், ஒரே காலையில், ஒரே நாய்க்கு இந்த மூன்றும் நடந்திருக்கின்றன.

மைனாவைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் எங்கே வருகிறது என்று புரியும். உடம்பு முழுக்கக் கறுப்பு. இரண்டு கண்ணுக்கும் மேலே தேன் நிறத்தில் ஆளுக்கொரு பொட்டு. அதே நிறம் கன்னத்திலும், நெஞ்சில் இரண்டு திட்டாகவும், முட்டிக்குக் கீழே நான்கு காலிலும், வாலுக்கு அடியிலும் இருக்கிறது. டாபர்மேனுக்கும் நிறம் அச்சு அசலாக இதே இடங்களில்தான் விழும். ராட்வீலருக்கும் அப்படித்தான். அந்த நிற அமைப்பைத் தருகிற மரபணு மாற்றம் பல இனங்களுக்குப் பொது. அதற்கும் உறவுமுறைக்கும் சம்பந்தம் கிடையாது. டாபர்மேன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் அப்போல்டா என்ற ஊரில் வரி வசூலித்து வந்த ஒருவர் உருவாக்கிய இனம். கன்னியும் சிப்பிப்பாறையும் தென் மாவட்டங்களின் கரிசல் காட்டில் முயலை விரட்டிப் பிடிக்க வளர்த்த ஓட்ட நாய்கள்.

நிறத்தை மறந்துவிட்டு உடம்பைப் பார்த்தால் குழப்பமே வராது. ஆண் டாபர்மேன் 40 கிலோவுக்கு மேல் வரும், கழுத்தும் தோளும் திரண்டிருக்கும். மைனா அந்த எடையில் பாதியைக்கூடத் தொடமாட்டாள். நெஞ்சு ஆழமாக இறங்கி, அங்கிருந்து வயிறு சடாரென்று மேலேறி ஒட்டியிருக்கும். முகம் நீளம், ஒடுக்கம். வால் சாட்டை மாதிரி கணுக்கால் வரை தொங்கி நுனியில் லேசாக மேலே வளையும். "டாபர்மேனுக்கு வால் குட்டையா இருக்குமே, இவளுக்கு நீளமா இருக்கு பாருங்க" என்று என் கணவர் முன்பெல்லாம் விளக்குவார். அந்த அடையாளம் பயன்படாது. டாபர்மேனுக்கும் பிறக்கும்போது நீள வாலும் தொங்கும் காதும்தான். நாம் பார்த்துப் பழகிய குட்டை வாலும் விறைத்த காதும் மனிதர்கள் வெட்டி வைத்தவை. அதனால்தான் நம் கன்னியைப் பார்த்து "வால் வெட்டாத டாபர்மேன்" என்று சிலர் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எடையும் வயிற்று ஒட்டும்தான் சரியான அடையாளம்.

தெருவில் போகிறவர்களை மட்டும் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நாயோடு தினமும் பழகுகிறவர்களுக்கே கண் ஏமாறும் என்பதற்கு நல்ல ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2009இல் அமெரிக்காவில் விக்டோரியா வோய்த் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், தத்துக் கொடுக்கும் இல்லங்கள் "இன்ன இனக் கலப்பு" என்று எழுதிக் கொடுத்த 20 நாய்களுக்கு டி.என்.ஏ. பரிசோதனை செய்தார்கள். பெரும்பாலான நாய்களில், இல்லம் சொன்ன இனம் பரிசோதனையில் தென்படவே இல்லை. பிறகு புளோரிடாவில் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை வைத்து இதே மாதிரிப் பார்த்தபோதும், ஊழியர்கள் பிட்புல் வகை என்று சொன்ன நாய்களில் கணிசமானவை அந்த வகையே இல்லை. தோல் நிறம், காது, முக நீளம் எல்லாம் சில மரபணுக்களின் வேலை. இரண்டு இனம் சேர்ந்து பிறந்த குட்டி அந்த இரண்டில் ஒன்றைப் போலவும் இல்லாமல் மூன்றாவது ஒன்றைப் போல இருக்கலாம்.

அதனால் தெருவில் திருத்திக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் திருத்தியே ஆக வேண்டிய இடங்கள் சில உண்டு. முதல் இடம் ஊசி கார்டு.

மைனாவை முதல் தடுப்பூசிக்குக் கொண்டுபோன கிளினிக்கில், கவுன்டரில் இருந்த பையன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இனம் என்ற இடத்தில் "டாபர்மேன் கிராஸ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த முறை வேறு டாக்டர், அதே கார்டு. அவர் கார்டைப் பார்த்துவிட்டு நாயைப் பார்த்தார். "என்னம்மா, ரொம்ப மெலிஞ்சிருக்கு, சாப்பாடு சரியாப் போடறதில்லையா?" என்றார். டாபர்மேன் என்ற கணக்கில் பார்த்தால் மைனா பட்டினி கிடந்த நாய்தான். கன்னி என்ற கணக்கில் பார்த்தால் சரியான எடை. ஓட்ட நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரிவதும், இடுப்பெலும்பு லேசாகத் தெரிவதும் இயல்பு. அது தெரியக் கூடாது என்று சோற்றைக் கூட்டிக்கொண்டே போனால் மூட்டுக்குத்தான் கேடு.

கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியபோது இது இன்னும் முக்கியமானது. கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாய்களின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் வகை மயக்க மருந்தை அவற்றின் ஈரல் மெதுவாகத்தான் கழிக்கும், மயக்கம் தெளிய நேரமாகும். கிரேஹவுண்டில் இது நன்றாகத் தெரிந்த விஷயம் என்பதால், அதே உடல்வாகுள்ள நாய் என்று சொன்னால் அனுபவமுள்ள டாக்டர்கள் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். டாபர்மேனுக்கு இருக்கும் கவலையோ வேறு. ரத்தம் உறையாமல் போகும் வான் வில்லிபிராண்ட் என்ற பரம்பரைக் கோளாறு அந்த இனத்தில் அதிகம். கார்டில் இனத்தைத் தப்பாக எழுதினால், தேவையில்லாத இடத்தில் கவலைப்பட்டு, கவலைப்பட வேண்டிய இடத்தைத் தவறவிட வாய்ப்பிருக்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் "இது கன்னி, ஓட்ட நாய், கொழுப்பு கம்மி" என்று சொன்னேன். அவர் பழைய கார்டை வாங்கி, அந்த வரியை அடித்து, புதிதாக எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு தராசில் நிறுத்திவிட்டுத்தான் மருந்தைக் கணக்கிட்டார்.

இனம் உறுதியாகத் தெரியாத நாயாக இருந்தால் டாக்டர் ஊகித்து எழுத வேண்டியதில்லை. "கலப்பினம், கறுப்பு, கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு, வால் நீளம்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது பொய்யாகாது. மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது கார்டில் இருப்பதுதான் அங்கேயும் போகும், அதனால் தொடக்கத்திலேயே சரியாக இருப்பது நல்லது. டி.என்.ஏ. பரிசோதனை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனை தன் தொகுப்பில் இருக்கும் இனங்களோடுதான் ஒப்பிட்டுச் சொல்லும். அந்தத் தொகுப்பில் கன்னி இல்லாவிட்டால் கன்னி என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. பணம் கட்டும் முன் எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள்.

இதற்கு நேர்மாறாக, அடுத்தவர் சொல்லும் தப்பான பெயரையே நாம் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய சந்தர்ப்பமும் வரும். எங்களுக்கு வந்தது ஒரு தீபாவளிக்கு முந்திய மாலையில்.

பக்கத்துத் தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். மைனா பின்னால் ஒரு அடி எடுத்து வைத்துத் தலையைத் தாழ்த்தினாள், பெல்ட் என் கையில் செயினோடு நின்றது, அவள் தெருமுனை தாண்டிவிட்டாள். ஓட்ட நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து பருமன், சாதாரணக் கழுத்துப் பட்டை அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையோ, நெஞ்சையும் வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸோதான் இவற்றுக்குச் சரி.

என் நாத்தனார் மகன் உடனே படத்தோடு வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டான். "கன்னி இனத்துப் பெண் நாய் காணவில்லை, பெயர் மைனா." நல்ல படம், நல்ல அறிவிப்பு. அது எத்தனையோ குழுக்களுக்குப் போயும் ஒரு போன்கூட வரவில்லை. நாங்கள் தெருத் தெருவாக நடந்து கேட்டுக்கொண்டே போனோம். "அண்ணா, இந்தப் பக்கம் ஒரு கன்னி நாய் ஓடிச்சா?" "இல்லம்மா." இப்படியே ஒவ்வொரு கடையிலும். பிறகு ஒரு டீக்கடையில், நாங்கள் கேட்டு, இல்லை என்று பதில் வாங்கித் திரும்பும்போது, கடைக்காரர் தன் போக்கில் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நாய் இல்லக்கா, டாபர்மேன் ஒண்ணு ஓடிச்சு. ஆளுங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்க. எவனோ பணக்காரன் வீட்டு நாய் போல."

அந்த இடத்திலேயே நின்று அறிவிப்பை மாற்றினோம். "ஒல்லியான, உயரமான கறுப்பு நாய். பார்க்க டாபர்மேன் போல இருக்கும், கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு, வால் நீளம். பயந்த நாய், கடிக்காது, துரத்த வேண்டாம். பார்த்தால் நின்ற இடத்திலிருந்து போன் செய்யுங்கள்." இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் போன்கள் வர ஆரம்பித்தன. எல்லாரும் சாயங்காலமே பார்த்தவர்கள்தான். டாபர்மேன் என்று நினைத்ததால் எங்கள் முதல் அறிவிப்பை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் வாட்ச்மேன், எம்-சாண்ட் குவியலுக்குப் பின்னால் ஒன்று படுத்திருக்கிறது, கிட்டே போகப் பயமாக இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் மைனா மணலைப் பறித்து அதில் உடம்பைப் புதைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் பயந்து கிட்டே போகாமல் இருந்ததும் ஒரு வகையில் நல்லதுதான், போயிருந்தால் மறுபடி ஓடியிருப்பாள்.

நாய் தொலைந்தால் நீங்கள் அழைக்கும் இனப் பெயரை எழுதாதீர்கள், பார்க்கிறவர் என்னவென்று நினைப்பாரோ அதை எழுதுங்கள். உங்கள் நாய் ராஜபாளையம் இனம் என்றால் "வெள்ளை நிறப் பெரிய நாய், மூக்கு ரோஸ் நிறம், பலர் லேப்ரடார் என்பார்கள்" என்று போடுங்கள். கோம்பை என்றால் "செவலை, வாய்ப்பக்கம் கறுப்பு, தெரு நாய் போலத் தோன்றும்" என்று போடுங்கள். ஓடுகிற நாயை மனிதர்கள் பார்ப்பது ஓரிரு நொடிதான். அதில் பதிவது நிறமும் உயரமும் மட்டுமே. இப்போதே, நாய் வீட்டில் பத்திரமாக இருக்கும்போதே, பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். முகத்தைக் கொஞ்சி எடுத்த படம் தேடுவதற்கு உதவாது.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஒரு சிறுமியை ராட்வீலர்கள் கடித்துக் குதறிய பிறகு சென்னையில் நாயோடு நடப்பதே மாறிப்போனது. அந்தக் குழந்தைக்கு நடந்தது கொடுமை, மக்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அதில் ராட்வீலர் உண்டு. டாபர்மேன் இல்லை, நம் ஊர் இனம் எதுவும் இல்லை. ஆனால் பட்டியலைப் படித்தவர் யார்? கறுப்பும் பழுப்பும் கலந்த நாய் என்றாலே ராட்வீலர் என்று ஆகிவிட்டது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பெரியவர், "இந்த ஜாதி நாயைத்தான் கவர்ன்மென்ட்டே தடை பண்ணிட்டாங்களே" என்று லிப்ட்டில் ஏற விடாமல் நின்றார்.

அவரோடு அந்த இடத்தில் வாதாடியிருந்தால் மைனா எங்கள் குரல் உயர்வதைப் பார்த்து மிரண்டிருப்பாள், அவருக்கும் பயம் உறுதியாகியிருக்கும். நாங்கள் படியில் ஏறிவிட்டோம். அடுத்த நாள் நாயில்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். உரிமம், ஊசி கார்டு இரண்டையும் காட்டினேன். "மாமா, இது நம்ம தெக்கத்தி நாய், கோவில்பட்டிப் பக்கத்துது. இனி நீங்க லிப்ட்ல இருந்தா நாங்க அடுத்ததுல வர்றோம்" என்றேன். "அப்படியா, எங்க அம்மா ஊரும் அந்தப் பக்கம்தான், விளாத்திகுளம்" என்று காபி கொடுத்தார். இப்போதும் அவர் மைனாவைத் தொடமாட்டார், தொட வேண்டிய அவசியமும் இல்லை. லிப்ட் ஏற்பாடு மட்டும் அப்படியே நடக்கிறது.

அதே பேச்சில் நான் சொல்லாமல் விட்டது, "கன்னி சாதுவான இனம், கடிக்காது" என்ற வார்த்தை. கன்னி கூச்ச சுபாவம், ஒதுங்கிப் போகும் என்று வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள், மைனாவும் அப்படித்தான். ஆனாலும் இனத்தை ஜாமீனாக வைத்து உத்தரவாதம் கொடுப்பது சரியில்லை. 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் அதிகமானவற்றின் டி.என்.ஏ.வையும் படித்தார்கள். ஒரு நாயின் நடத்தைக்கும் இன்னொன்றின் நடத்தைக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. டாபர்மேன் என்று பயப்படுகிறவரின் கணக்கு எப்படிப் பிழையோ, கன்னி என்று நம்பச் சொல்கிற கணக்கும் அப்படியே பிழை. அதனால் குழந்தைகள் ஓடி வந்து "ஆன்ட்டி, டாபர்மேனா? கடிக்குமா?" என்றால், நான் இனத்தைப் பேசுவதே இல்லை. "இவ பேரு மைனா. தலைக்கு மேல கை கொண்டுபோனா பயப்படுவா. கையைக் கீழ நீட்டு, அவளா வந்து மோந்து பார்த்தா தொடலாம், வரலைன்னா விட்டுடலாம்" என்பேன். குழந்தைகள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊருக்குப் போகும்போது இந்தக் கதை எல்லாம் மாறிவிடும். விருதுநகர் தாண்டி சாத்தூரில் காராச்சேவு வாங்க வண்டியை நிறுத்தினோம். மைனா இறங்கியதும் கடை வாசலில் இருந்தவர், "கன்னியா? எந்த ஊர்க் குட்டி? தாய் யாரு வீட்டு நாய்?" என்று கேட்டார். இனத்தில் அவருக்குச் சந்தேகமே இல்லை, வம்சம்தான் தெரிய வேண்டியிருந்தது. சித்தப்பா ஊரில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர், அவளைக் கொஞ்ச தூரம் நடத்திக் காட்டச் சொல்லிப் பின்னால் இருந்து பார்த்தார். பிறகு குத்தவைத்து, முதுகில் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து அளந்தார். பாதத்தைத் தூக்கி விரல் இடுக்கைப் பார்த்தார். கடைசியாக முகத்தைப் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்லா வளத்திருக்க தாயி. பட்டணத்துல இதுக்கு ஓட எடம் இருக்கா?" என்றார். முயல் வேட்டைக்கு இப்போது வனவிலங்குச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் ஓடும் ஆசை அவளிடம் அப்படியே இருக்கிறது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் வாரக் கடைசியில் சுற்றுச்சுவர் உள்ள ஒரு மைதானத்தில் அனுமதி வாங்கி ஓட விடுகிறோம்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் அந்தத் தாத்தா பார்த்த வரிசையில் பாருங்கள். கறுப்பும் பழுப்பும் என்றால் கன்னி, வெள்ளை என்றால் ராஜபாளையம் என்று நிறத்தை மட்டும் சொல்லி விற்கிறவர்கள் நிறைய. தாய் தகப்பன் இரண்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் குட்டி என்றால் காதையும் சோதியுங்கள், நிறமியே இல்லாத வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. தூங்கும்போது, அதன் பார்வையில் படாமல், தரையில் அதிர்வு போகாமல், பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. 2005இல் ராஜபாளையத்துக்குத் தபால் தலைகூட வந்தது. ஆனாலும் நம் தெருவில் நம் நாயைப் பார்த்தால் ஜெர்மன் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது என்பது எனக்கு வருத்தம்தான். கேட்கிறவருக்கு ஒரு நிமிஷம் நேரமிருந்தால் நின்று சொல்கிறேன், இல்லையென்றால் சிரித்துவிட்டு நகர்கிறேன்.

கழுத்தில் தொங்கும் பெயர்ப் பட்டையில் மட்டும் இனம் எழுத வேண்டாம். இரண்டு போன் நம்பர் போதும். ஒன்று உங்களுடையது, மற்றது நீங்கள் நாயைத் தேடித் தெருத் தெருவாக அலையும்போது வீட்டிலிருந்து போனை எடுக்கப் போகிறவருடையது.